கிளை அசைந்ததா?

ஒரு காட்டில், குழந்தைகளே, ராஜாவே கிடையாது. சிங்கம் எட்டிப் பார்க்காத காடு அது. அதனால் அங்கே மூன்று தனித்தனி நாடுகள் இருந்தன. மூங்கில் தோப்பு யானைகளின் நாடு. புல்வெளி புள்ளிமான்களின் நாடு. உயரமான மரங்கள் எல்லாம் நீளவால் மந்திகளின் நாடு. மூன்று நாடுகளும் கூடும் இடத்தில் மருதமடு என்ற நீர்நிலை இருந்தது. அதன் கிழக்குக் கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றதால் அந்தப் பெயர். எப்பேர்ப்பட்ட கோடையிலும் அது வற்றியதில்லை.

மடுவில் தண்ணீர் குடிக்க முறை உண்டு. காலையில் மான்கள், உச்சிவேளையில் யானைகள், வெயில் தாழ்ந்ததும் மந்திகள். காவலுக்கும் முறை உண்டு. மரத்தின் மேலிருந்து மந்திகள் பார்க்கும். ஆபத்து தெரிந்தால், "கர்ர்! கர்ர்!" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு எதிர்த்திசையில் மான்கள் ஓடும். யானைகளோ சத்தம் வந்த இடத்துக்கே வரும். யானைக் கூட்டம் வருகிற இடத்தில் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இவர்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாட்டார் தம்மைக் குறை சொன்னதாகக் காதில் விழுந்தால், அவர்களிடம் போய்க் கேட்கவே மாட்டார்கள். "கேட்டால் அவர்கள் மனசு நோகும், விடு" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மனசுக்குள் போட்டு மூடிய பேச்சு சும்மா கிடக்குமா? புளித்த மாவு மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் செந்நாய்கள் வாழ்ந்தன. அவற்றின் தலைவன் கூர்ப்பல்லன். அந்த வருடக் கோடையில் அவன் கண் மருதமடுவின் மேல் விழுந்தது. மடுவைப் பிடித்துக்கொண்டால் போதும், தண்ணீர் குடிக்க வருகிற எல்லாரும் தானாக வாயில் வந்து விழுவார்கள் என்பது அவன் கணக்கு.

"போய்ப் பிடித்துவிடலாமே, தலைவரே?" என்றது ஒரு செந்நாய்.

"போடா மடையா! மந்தி பார்க்கும், மான் ஓடும், யானை வரும். அப்புறம் நம்மைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த மூன்று பேரையும் முதலில் மூன்று திசையாகப் பிரிக்க வேண்டும். அதற்குப் பல் வேண்டாம், வாய் போதும்."

அந்த வாய் யாருடையது தெரியுமா? துடுப்புவால் கரிச்சானுடையது. உடம்பெல்லாம் கறுப்பு. வாலில் இரண்டு நீளக் கம்பிகள், கம்பியின் நுனியில் கரண்டி போல ஓர் இறகு. எந்தப் பறவையின் குரலையும், எந்த விலங்கின் குரலையும் அப்படியே எடுத்துப் பேசும். அதனால் காட்டில் எல்லாரும் அதைப் பலகுரலன் என்று கூப்பிட்டார்கள்.

"எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டது பலகுரலன்.

"மான்கள் பயந்து ஓடினால் புல்லுக்குள்ளிருந்து வெட்டுக்கிளிகள் எழும்புமே, பார்த்திருக்கிறாயா?" என்றான் கூர்ப்பல்லன். "நீ ஓட வை. எழும்புவதெல்லாம் உனக்கு."

வெட்டுக்கிளி என்றதும் பலகுரலனுக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. வேறு எதையும் அது யோசிக்கவில்லை. வயிறு யோசிக்க ஆரம்பித்தால் தலைக்கு வேலை ஏது?

முதலில் அது யானைத் தலைவி மாதங்கியிடம் போனது. மாதங்கி நல்லவள். ஆனால் ரோஷக்காரி.

"அம்மா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. யானைக் குட்டிகள் மடுவில் இறங்கினால் தண்ணீர் சேறாகிவிடுகிறதாம். யானைகளே அசுத்தமான கூட்டமாம். மான்கள் பேசிக்கொண்டார்கள்."

மாதங்கியின் காதுகள் விறைத்தன. "மான்களா? எங்களையா?"

"ஐயோ, அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள் அம்மா. அது மரியாதையாக இருக்காது."

அடுத்து மான்களின் தலைவி நவ்வியிடம் போனது. நவ்விக்கு எல்லாவற்றுக்கும் பயம். சருகு விழுந்தால் பயம். விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று பயம்.

"நவ்வியம்மா, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இனி மடுப் பக்கம் வருகிற மான்குட்டிகளை மிதித்துப் போட்டுவிடுவதாக யானைகள் முடிவு செய்திருக்கிறார்களாம்."

"ஐயையோ!"

"அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இன்றைக்கே மிதித்தாலும் மிதிப்பார்கள்."

கடைசியில் மந்திகளின் தலைவன் கடுவனிடம் போனது. கடுவனுக்கு யாரைப் பார்த்தாலும் கேலி செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் தன்னை யாராவது கேலி செய்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

"கடுவா, நீங்கள் மரத்தில் உட்கார்ந்து காவல் காப்பதெல்லாம் வெறும் வேடிக்கையாம். பொழுதுபோகாமல் கத்துகிற கூட்டம் என்று மான்களும் யானைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள்."

"சிரித்தார்களா?"

"நீ கேட்டுவிடாதே. கேட்டால் அதற்கும் சிரிப்பார்கள்."

கடுவன் அன்று முழுவதும் யாரையும் கேலி செய்யவில்லை.

பேச்சு மட்டும் போதாது என்று கூர்ப்பல்லனுக்குத் தெரியும். அவன் ஆட்கள் யானைகள் இறங்குகிற துறையில் அழுகிய எலும்புகளைக் கொண்டுவந்து போட்டார்கள். "மான்களின் வேலை" என்றது பலகுரலன். மான்கள் நடக்கிற தடத்தில் முள்கிளைகளை இழுத்துப் போட்டார்கள். "யானைகள் முறித்துப் போட்டது" என்றது பலகுரலன். இரண்டு இடத்திலும் அதே முடிவுதான். கேட்டுவிடாதீர்கள்!

ஒரு காலையில் மான்கள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தபோது, "கர்ர்! கர்ர்!" என்று மந்தியின் குரல் கேட்டது. மான்கள் விழுந்தடித்து ஓடின. ரோஷத்தில் இருந்த யானைகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நவ்வியின் குட்டி பொட்டு, முள்கிளையில் சிக்கி விழுந்தாள். பின்னங்கால் கிழிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் புலியும் இல்லை, நாயும் இல்லை. பலகுரலன் மட்டும் நிதானமாக வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

நவ்வி அழுதுகொண்டே மரத்தைப் பார்த்துக் கத்தினாள். "விளையாட்டுக்குக் கத்தி என் பிள்ளையின் காலைக் கிழித்துவிட்டாயே, கடுவா!"

"நான் கத்தவே இல்லை!" என்றான் கடுவன்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

பலகுரலன் சொன்னது சரிதான், நம்மைக் கேவலமாகத்தான் நினைக்கிறார்கள் என்று கடுவன் முடிவு கட்டிவிட்டான். "இனி நாங்கள் கத்துவதில்லை. உங்கள் உயிரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, மந்திகளை அழைத்துக்கொண்டு காட்டின் உள்ளே போய்விட்டான். யானைகள் மூங்கில் தோப்பு ஓரத்தில் முறைத்துக்கொண்டு நின்றன. மான்கள் மடுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டன. மூன்று நாடுகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தன. செந்நாய்கள் இன்னும் பல்லைக்கூடக் காட்டவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மான்கள் இலையில் படிந்த பனியை நக்கிச் சமாளித்தன. பொட்டுவுக்கு அது போதவில்லை. அவள் கால் வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"அம்மா, தண்ணீர்" என்றாள்.

நவ்வி மடு இருக்கும் திசையைப் பார்த்தாள். போனால் யானை மிதித்துவிடும். போகாவிட்டால் பிள்ளை தாகத்திலேயே போய்விடுவாள். இரண்டு பக்கமும் பயம். எந்தப் பயம் பெரியது என்று பார்த்தாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நேரே மூங்கில் தோப்புக்குள் நடந்தாள்.

"யானையக்கா" என்றாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு. "என் பிள்ளை மடுவுக்கு வந்தால் மிதித்துவிடுவீர்களா? எதுவாக இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள். பயந்து பயந்து என்னால் முடியவில்லை."

மாதங்கி திகைத்துப் போனாள். இப்படி முகத்துக்கு நேரே யாரும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"மிதிப்பதா? பச்சைக் குழந்தையையா? யார் சொன்னது?"

"கரிச்சான்."

"கரிச்சானா? அது எனக்கு வேண்டப்பட்டதாயிற்றே! உங்களைப் பற்றி அதுதானே என்னிடம்..." மாதங்கி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம். அதைச் சொன்னால் மரியாதையாக இருக்காது."

"அக்கா, என் பிள்ளைக்குத் தொண்டை வறண்டுகிடக்கிறது. மரியாதையைக் கொஞ்சம் நிழலில் உட்கார வைத்துவிட்டுச் சொல்லுங்கள்."

மாதங்கி தயங்கித் தயங்கிச் சொன்னாள். சேறு, அசுத்தக் கூட்டம், எல்லாவற்றையும் சொன்னாள். "அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னது" என்று முடித்தாள்.

நவ்வி கண்ணைத் திறந்தாள். "என்னிடமும் அதையேதான் சொன்னது, அக்கா!"

பிறகு மாதங்கி தானே எழுந்து பொட்டுவை மடுவுக்கு அழைத்துப் போய், அவள் வயிறு நிறையக் குடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். குட்டி குடிக்கக் குடிக்க, ரோஷக்காரியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இந்தப் பிஞ்சை நான் மிதிப்பேன் என்று நம்பிவிட்டார்களே" என்று அவளுக்கு வருத்தம். நம்பும்படி முறைத்துக்கொண்டு நின்றோமே என்று அதைவிட வருத்தம்.

அப்புறம் கடுவனை அழைத்து வந்தார்கள். அவன் லேசில் வரவில்லை. "கேலிக்கு ஆள் குறைகிறதா?" என்று முறுக்கினான். ஆனால் தலைவிகள் இருவரும் சேர்ந்து வந்து நிற்பதைப் பார்த்ததும் இறங்கிவிட்டான். மருத மரத்தடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். மூட்டை கட்டி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்தார்கள்.

"எலும்பில் செந்நாய் வாடை அடித்தது" என்றாள் மாதங்கி. "மான்களின் வேலை என்று கரிச்சான் சொன்னதும், என் மூக்கை விட்டுவிட்டு அதன் வாயை நம்பினேன்."

"ஒரு செந்நாய் முள்கிளையை இழுத்துக்கொண்டு போனதை மரத்திலிருந்து பார்த்தேன்" என்றான் கடுவன்.

"பார்த்துமா சொல்லவில்லை, அண்ணா?" என்றாள் நவ்வி.

"என்னைத்தான் பொழுதுபோகாமல் கத்துகிறவன் என்றீர்களே!"

"நாங்கள் எப்போது சொன்னோம்?"

"கரிச்சான்தான் சொன்னது" என்றான் கடுவன்.

"அன்றைக்கு எல்லாரும் ஓடினோம். கரிச்சான் மட்டும் ஓடவில்லை" என்றாள் நவ்வி. "உட்கார்ந்து வெட்டுக்கிளி தின்றது. அதை நானும் யாரிடமும் சொல்லவில்லை."

ஆளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சேர்த்து வைத்ததும் முழுப் படமும் தெரிந்துவிட்டது. செந்நாய்கள் வரப் போகின்றன.

"அந்தக் கரிச்சானைப் பிடித்து நசுக்குகிறேன்!" என்று துதிக்கையைத் தூக்கினாள் மாதங்கி.

"பறக்கிறதை எப்படி அக்கா நசுக்குவீர்கள்? நசுக்கினாலும் நாளைக்கு இன்னொரு கரிச்சான் வரும்" என்றான் கடுவன். "அதன் வாயை அடைக்க நம்மால் ஆகாது. நம் காதைத்தான் சரி செய்துகொள்ள வேண்டும்."

"உன் குரலையே அது பேசுகிறதே. எது நீ, எது அது என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றாள் நவ்வி.

கடுவன் தலையைச் சொறிந்தான். பக்கத்துக் கிளையில் தாவி உட்கார்ந்தான். கிளை முழுவதும் குலுங்கி, நவ்வியின் தலையில் இலைகள் உதிர்ந்தன. மூவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

"இதை அதனால் செய்ய முடியாது!" என்று கைகொட்டிச் சிரித்தான் கடுவன். "குரலைத் திருடலாம். என் எடையைத் திருட முடியுமா? இனி நான் கத்தினால் கிளையையும் உலுக்குவேன். கிளை அசையாவிட்டால் அது நான் இல்லை."

"கிளை அசைவதைப் பார்த்ததும் நாங்கள் தரையைக் காலால் தட்டுகிறோம்" என்றாள் நவ்வி.

"தரை அதிர்ந்தால் எங்கள் பாதத்துக்குத் தெரியும். உடனே வருகிறோம்" என்றாள் மாதங்கி. கொஞ்சம் யோசித்து, "இன்னொன்று. இனி யாரைப் பற்றி எது காதில் விழுந்தாலும், அன்றன்றைக்கே இங்கே வந்து முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். மனசு நொந்தால் நோகட்டும்" என்றாள்.

இதெல்லாம் நடந்தபோது பலகுரலன் எங்கே இருந்தது? மலைக்கு அந்தப் பக்கம், கூர்ப்பல்லனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தது. "மூன்று பேரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, தலைவரே. தாகம் தாங்காமல் மான்கள் எப்படியும் மடுவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? நாளைக் காலையே வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மான்கள் மடுவுக்கு வந்தன. கிழக்குப் புதர்களுக்குள் செந்நாய்கள் பதுங்கியிருந்தன. மேற்கிலிருந்து பலகுரலன் கத்தினால் மான்கள் கிழக்கே ஓடி நேரே வாயில் வந்து விழும். அதுதான் திட்டம்.

"கர்ர்! கர்ர்!"

அப்படியே கடுவனின் குரல். ஒரு பிசிறு இல்லை. மான்களின் கால்கள் துடித்தன. சில குட்டிகள் ஓடுவதற்குத் திரும்பியேவிட்டன.

"நில்லுங்கள்!" என்றாள் நவ்வி. காட்டிலேயே அதிகம் பயப்படுகிறவள் அவள்தான். அன்று அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "மேலே பாருங்கள். கிளை அசைந்ததா?"

எல்லாரும் பார்த்தார்கள். ஓர் இலைகூட அசையவில்லை. மான்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

"கர்ர்! கர்ர்!" பலகுரலன் தொண்டை கிழியக் கத்தியது. யாரும் ஓடவில்லை. ஒரு வெட்டுக்கிளிகூட எழும்பவில்லை.

புதருக்குள் செந்நாய்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒன்று தலையைத் தூக்கியது. அது போதாதா? மருத மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த கடுவன், "கர்ர்!" என்று கத்தினான். கத்தியதோடு கிளையை உலுக்கு உலுக்கென்று உலுக்கினான். மடுவெல்லாம் மருத இலை. இந்த முறை மான்களுக்குச் சந்தேகமே இல்லை. காலால் தரையைத் தட்டிவிட்டு மேற்கே பாய்ந்தன.

பொட்டுவால் பாய முடியவில்லை. கால் இன்னும் ஆறவில்லை. நொண்டி நொண்டி இரண்டு அடி வைப்பதற்குள் செந்நாய்கள் புதரை விட்டு வெளியே வந்துவிட்டன. நவ்வி திரும்பி ஓடி வந்து பிள்ளைக்கு முன்னால் நின்றாள். அதைத் தவிர அவளிடம் வேறு ஆயுதம் இல்லை.

அந்த நேரம் மூங்கில்கள் படபடவென்று முறிந்தன. மாதங்கி வந்தாள். அவள் பின்னால் மொத்த யானைக் கூட்டமும் வந்தது. மாதங்கி நேராகப் பொட்டுவிடம் வந்து, குட்டி தன் வயிற்றுக்கு அடியில் இருக்கும்படி நான்கு கால்களையும் ஊன்றி நின்றாள். மிதித்துவிடும் என்று சொன்னார்களே, அந்தக் கால்களுக்கு நடுவில்தான் பொட்டு பத்திரமாக நின்றாள்.

கூர்ப்பல்லன் பின்வாங்கினான். யானையைப் பார்த்தான், மானைப் பார்த்தான், மரத்தின் மேல் மந்தியைப் பார்த்தான்.

"நீங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்றார்களே!" என்றான்.

"யார் சொன்னது?" என்று கிளையிலிருந்து குனிந்து கேட்டான் கடுவன். "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கூர்ப்பல்லா!"

மாதங்கி ஒரே ஒரு முறை பிளிறினாள். செந்நாய்கள் மலையேறி ஓடிய வேகத்தில் வெட்டுக்கிளிகள் நிறையவே எழும்பியிருக்கும். ஆனால் அவற்றைப் பிடித்துத் தின்ன அங்கே பலகுரலன் இல்லை. அது எப்போதோ பறந்துவிட்டது.

மூன்று தலைவர்களும் அதோடு விட்டுவிடவில்லை. இங்கே பலிக்காத வேலையைச் செந்நாய்கள் வேறு காட்டில் காட்டுமே! அதனால் பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். முள், எலும்பு, பொய்க்குரல், எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார்கள். "அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள் என்று முடிகிற பேச்சு வந்தால், முதல் வேலையாகப் போய்க் கேட்டுவிடுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காடுகளும் தங்கள் பக்கம் கேட்டதை, பார்த்ததைச் சொல்லி அனுப்பின.

சில நாள் கழித்துப் பலகுரலன் இளைத்துப்போய் வந்து ஒரு கிளையில் உட்கார்ந்தது. எந்தக் குரலில் பேசுவது என்று அதற்கே தெரியவில்லை.

"யானைகள் நடந்தாலே வெட்டுக்கிளி எழும்பும்" என்றாள் நவ்வி. "பின்னால் வந்து பிடித்துத் தின்னு. யாரையும் பயமுறுத்த வேண்டாம். ஆனால் நீ எதைச் சொன்னாலும் நாங்கள் கேட்டுச் சரிபார்ப்போம். கோபித்துக்கொள்ளக் கூடாது."

"நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்?" என்றது பலகுரலன். அது அதன் சொந்தக் குரல். அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

மழை வருவதற்கு முந்திய ஒரு நாள். பொட்டுவின் கால் ஆறியிருந்தது. அவளும் மாதங்கியின் குட்டியும் மடுவில் சேர்ந்தே இறங்கினார்கள். யானைக்குட்டி ஒரு புரண்டு புரண்டது. தண்ணீர் கலங்கிச் சேறாகிவிட்டது. பொட்டு முகத்தைச் சுளித்தாள்.

நவ்வி மாதங்கியைப் பார்த்தாள். வழக்கம்போலக் கொஞ்சம் பயந்தாள். பயந்துகொண்டே சொல்லியும்விட்டாள்.

"அக்கா, உங்கள் பிள்ளை தண்ணீரைக் கலக்குகிறான்."

மாதங்கியின் காதுகள் ஒரு கணம் விறைத்தன. பிறகு மெல்லத் தளர்ந்தன.

"ஆமாம், கலக்கத்தான் செய்கிறான்" என்றாள். "டேய், கீழ்த்துறைக்குப் போய்ப் புரளடா!"

நீதி: அயலாரைப் பற்றிக் கேள்விப்பட்டதை அயலாரிடமே கேட்கிறவர்களை எந்தப் பகைவனாலும் பிரிக்க முடியாது.